கடிகாரம் பிழைத்தது, கடமை பிழைத்ததா?

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு நாள், அஸர் தொழுகை முடிந்து ஜமாஅத்தார் கலைந்து சென்ற பிறகும் ஓர் இளைஞர் மட்டும் பள்ளிவாசலின் உள்தூண் அருகே அமர்ந்திருந்தார். எங்கள் நாஞ்சில் நாட்டுக் கடலோர ஊரொன்றைச் சேர்ந்தவர். மாலத்தீவில் ஏ.சி. மெக்கானிக் வேலை. அவருடைய வாப்பா மவுத்தாகிப் பத்து நாள்கள் ஆகியிருந்தன. அருகில் சென்று ஸலாம் சொன்னேன். பதில் ஸலாம் சொன்னவர், தலையை நிமிர்த்தாமலே கேட்டார்:

"உஸ்தாது, மணி பார்த்ததில் வந்த ஒரு பிழையினால் வாப்பாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் போய்விட்டது. இது அல்லாஹ்வின் விதியா, என் குற்றமா? இரண்டில் எது என்று தெரிந்தால்தான் எனக்குத் தூக்கம் வரும்."

அவர் சொன்ன விவரம் இது. மாலத்தீவு ஏறத்தாழ 1,200 சிறு தீவுகளைக் கொண்ட நாடு. முதுகில் ஒரு பையையும் கையில் கருவிப் பெட்டியையும் சுமந்துகொண்டு, படகில் தீவு தீவாக ஏறி இறங்குவதே அவருடைய வேலை. வாப்பாவுக்கு உடல்நிலை மோசம் என்று அவருடைய காக்கா செய்தி சொன்ன இரவில், அவர் வெளிநாட்டுப் பயணிகள் தங்கும் ஓர் உல்லாசத் தீவில் இருந்தார். அங்கு வந்து இரண்டே நாள்கள் ஆகியிருந்தன. "காலை ஆறு மணிக்குப் படகு, ஒன்பது மணி விமானத்தைப் பிடித்துவிடலாம்" என்று அலுவலகத்தில் சொன்னார்கள். ஐந்து ஐம்பதுக்கே துறைக்குப் போய்விட்டார். படகு இல்லை. அது புறப்பட்டு ஐம்பது நிமிடங்கள் ஆகிவிட்டன. அவருடைய கைப்பேசி காட்டியது தலைநகர் மாலேயின் நேரம். அந்தத் தீவின் கடிகாரமோ மாலேயைவிட ஒரு மணி நேரம் முன்னே வைக்கப்பட்டிருந்தது!

அடுத்த படகு நண்பகலில். அதற்குள் விமானம் போய்விட்டது. அன்று அஸருக்குப் பின் வாப்பா மவுத்தானார். இடையில் "மவன் வந்தானா?" என்று இரண்டு தடவை கேட்டாராம். மறுநாள் விமானத்தில் மகன் வருவான் என்று ஜனாஸாவை வைத்துக் காத்திருந்தார்கள். கடும் மழையினால் அந்த விமானமும் ரத்தாயிற்று. ஜமாஅத்தார் கூடிப் பேசி அடக்கம் செய்துவிட்டார்கள். மூன்றாம் நாள் வந்து இறங்கியவர் கண்டது ஈர மண் மூடிய கப்றைத்தான். "ஒரு நாள் கூடக் காத்திருக்கக் கூடாதா?" என்று இவர் காக்காவைக் கேட்டார். "ஒரு மணி பார்க்கத் தெரியாதா?" என்று காக்கா இவரைக் கேட்டார். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை.

சகோதரர்களே! இது ஒரு குடும்பத்தின் துயரம் மட்டுமல்ல. எந்த மஹல்லாவில் கடல் கடந்து பிழைக்கும் பிள்ளை இல்லை? எந்த வீட்டில் விமானத்தை எதிர்பார்த்து வாசலைப் பார்த்திருக்கவில்லை? ஆகவே அந்த இளைஞருக்குச் சொன்னதை எல்லாருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

ஒரே சூரியன், மூன்று கடிகாரம்

முதலில் 'மணி' என்பது என்ன என்று விளங்கிக்கொள்வோம். இந்தியாவின் நேரம் 82½ பாகை தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. நம் கன்னியாகுமரி மாவட்டம் அதற்கு ஏறத்தாழ ஐந்து பாகை மேற்கே இருக்கிறது. பாகைக்கு நான்கு நிமிடம் வீதம் நமக்குச் சூரியன் இருபது நிமிடம் பிந்தி உச்சிக்கு வருகிறது. அதனால்தான் நாகர்கோவிலில் சூரியன் உச்சிக்கு வரும் நேரம் நவம்பர் தொடக்கத்தில் 12.04 ஆகவும், பிப்ரவரி நடுவில் 12.34 ஆகவும் மாறுகிறது. கடிகாரம் பன்னிரண்டு அடித்ததும் லுஹர் வந்துவிட்டது என்று நம் முன்னோர் எவரும் தொழுததில்லை.

மாலத்தீவின் நேரம் நமக்கு அரை மணி பின்னே. அங்குள்ள பல உல்லாசத் தீவுகளோ விருந்தினர்களுக்கு மாலை வெளிச்சம் கூடுதலாகக் கிடைக்கட்டும் என்று தங்கள் கடிகாரத்தை மாலேயைவிட ஒரு மணி முன்னே வைத்துக்கொள்கின்றன. மாலேயில் சூரியன் உச்சிக்கு வரும் நேரம் சராசரியாக 12.06 என்றால், பக்கத்து உல்லாசத் தீவின் கடிகாரத்தில் அது 1.06, நம் இந்தியக் கடிகாரத்தில் 12.36. எண் மூன்று, சூரியன் ஒன்றே!

இலங்கையைப் பாருங்கள். மின்தட்டுப்பாட்டினால் 1996 மே மாதம் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளினார்கள். அதே ஆண்டு அக்டோபரில் அரை மணி குறைத்தார்கள். 2006 ஏப்ரலில் பழையபடி இந்திய நேரத்திற்கே வந்தார்கள். பள்ளிவாசல் அட்டவணையில் எண்கள் மாறின, மஃரிப் மாறவில்லை. பசிபிக் கடலில் உள்ள சமோவா என்னும் தீவு நாடு, வியாபார வசதிக்காகத் தேதிக் கோட்டின் மறுபுறம் மாறியபோது, 2011 டிசம்பர் 30 வெள்ளிக்கிழமையைக் காலண்டரிலிருந்தே எடுத்துவிட்டது. வியாழன் இரவு உறங்கியவர்கள் சனிக்கிழமை விழித்தார்கள். ஒரு நாளின் பெயரை அரசாங்கத்தால் எடுக்க முடிந்தது. ஒரேயொரு ஸுப்ஹையாவது எடுக்க முடிந்ததா? முடியாது.

ஆகவே கடிகார மணி என்பது மனிதர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஓர் ஒப்பந்தம். தொழுகையின் வக்து அல்லாஹ் வானத்தில் வைத்த அடையாளம். தொழுகை நேரம் குறிக்கப்பட்ட கடமை என்று அந்நிஸா அத்தியாயத்தின் 103ஆம் வசனம் உணர்த்துகிறது. அந்த நேரங்களை ஜிப்ரீல் (அலை) அவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு இரண்டு நாள்கள் தொழுதுகாட்டிக் கற்பித்தபோது நிழலையும் அந்தியையும் வைத்துத்தான் கற்பித்தார்கள். அதனால், விமானத்தில் செல்லும் நோன்பாளிக்குக் கீழே உள்ள ஊரில் பாங்கு சொல்லியிருந்தாலும், தன் சன்னலில் சூரியன் தெரியும் வரை நோன்பு திறக்கக் கூடாது. அவர் இருக்கும் இடமே அவருக்குரிய இடம்.

ஹிஜ்ரி 676இல் வஃபாத்தான இமாம் நவவி (ரஹ்) அவர்கள் தங்கள் 'மின்ஹாஜ்' கிதாபில், பெருநாளாக விடிந்த ஊரிலிருந்து கப்பலேறி, இன்னும் நோன்பு நோற்றிருக்கும் தூரத்து ஊரில் போய் இறங்கியவரைப் பற்றிப் பேசுகிறார்கள். மிகச் சரியான கருத்துப்படி, அவர் மீதிப் பகலை உண்ணாமல் கழிக்க வேண்டும். பயணி தன் பழைய ஊரைத் தலையில் சுமந்துகொண்டு திரிய முடியாது. போய்ச் சேர்ந்த இடத்தோடு ஒத்துப்போக வேண்டும். இதிலிருந்து நாம் ஒரு பாடம் எடுத்துக்கொள்ளலாம். வணக்கத்திற்குத் தலைக்கு மேலுள்ள வானத்தைக் கேட்க வேண்டும். மனிதர்களோடு உள்ள கொடுக்கல் வாங்கலுக்கு அந்த இடத்துக் கடிகாரத்தைக் கேட்க வேண்டும். இரண்டுமே 'கேட்க வேண்டியவை' என்பதை மறந்துவிடக் கூடாது.

பிலால் (ரலி) அவர்கள் விழித்திருந்த இரவு

இனி அந்த இளைஞரின் கேள்விக்கு வருவோம். விதியா, குற்றமா?

கைபர் போரிலிருந்து திரும்பும் வழியில் ஓர் இரவு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் தோழர்களும் களைப்பு மிகுதியால் ஓரிடத்தில் இறங்கி உறங்கினார்கள். ஸுப்ஹுக்கு எழுப்பும் பொறுப்பை பிலால் (ரலி) அவர்கள் ஏற்றார்கள். அவர்கள் சும்மா இருக்கவில்லை. இயன்ற அளவு தொழுதார்கள். வைகறை நெருங்கியதும் கிழக்கு முகமாக ஒட்டகத்தில் சாய்ந்து அமர்ந்தார்கள். அப்படியே கண் அயர்ந்துவிட்டது. வெயில் முகத்தில் பட்ட பிறகே அனைவரும் விழித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான நிகழ்ச்சி இது.

கவனியுங்கள்! அல்லாஹ்வின் தூதருடைய ஸுப்ஹ் தொழுகை வக்து தவறியிருக்கிறது. பொறுப்பாளர் இன்னார் என்று எல்லாருக்கும் தெரியும். நாமாக இருந்தால் என்ன பேச்சுப் பேசியிருப்போம்! தங்களை ஆட்கொண்ட உறக்கமே தம்மையும் ஆட்கொண்டது என்று பிலால் (ரலி) அவர்கள் பணிவோடு சொன்னார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. ஆனால் 'சரி, போனது போகட்டும்' என்று விட்டுவிடவும் இல்லை. அவ்விடத்தைவிட்டு நகரச் சொன்னார்கள்; உளூச் செய்தார்கள்; பிலாலையே இகாமத் சொல்லச் செய்து, தவறிய தொழுகையை ஜமாஅத்தாக நிறைவேற்றினார்கள். உறக்கத்தில் தவறுவது அலட்சியமாகாது, விழித்திருந்துகொண்டே தள்ளிப்போடுவதுதான் அலட்சியம் என்பது அவர்கள் நமக்குக் கற்பித்த விதி.

இன்னொரு நிகழ்ச்சி ஸஹீஹ் புகாரியில் வருகிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் காலத்தில் ஒரு மேகமூட்டமான நாளில், சூரியன் மறைந்துவிட்டது என்று கருதி நோன்பு திறந்துவிட்டார்கள். பிறகு வெயில் தெரிந்தது. அதை அஸ்மா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். இவ்வாறு பிழைத்துத் திறந்தவர் மீது பாவம் இல்லை. ஆனால் அந்த நோன்பைக் களாச் செய்ய வேண்டும் என்பதே நான்கு மத்ஹபு இமாம்களின் தீர்ப்பு.

இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு பெரிய உண்மை துலங்கும். குற்றம் வேறு, ஈடு வேறு! நாமோ இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்கிறோம். 'நான் வேண்டுமென்று செய்யவில்லையே, எனக்கென்ன பொறுப்பு?' என்கிறான் ஒருவன். குற்றம் இல்லை என்பதால் ஈடும் இல்லை என்று எண்ணுகிறான். 'ஈடு செய்ய வேண்டியிருக்கிறதே, ஆகையால் நான் பாவி' என்று புழுங்குகிறான் இன்னொருவன். இருவரும் தவறு. முயன்று பிழைத்தவனுடைய பாவத்தை அல்லாஹ் எழுதுவதில்லை. முயன்று தீர்ப்புச் சொல்லிப் பிழைத்த நீதிபதிக்கும் ஒரு கூலி உண்டு என்பது நபிமொழி. ஆனால் பிழையினால் எது விடுபட்டதோ, அதை இயன்றவரை நிறைவு செய்வது அடியான் மீது நிற்கிறது.

ஆனால் இதில் ஒரு நிபந்தனை உண்டு. 'முயன்று' என்ற சொல் அங்கே இருக்கிறது. பிலால் (ரலி) அவர்கள் கிழக்கைப் பார்த்து அமர்ந்தார்கள். மேற்கே திரும்பிப் படுத்துவிட்டு விதியைப் பேசவில்லை. அந்த இளைஞரிடம் நான் கேட்டேன்: "தம்பி, அந்தத் தீவின் நேரம் வேறு என்று உமக்குத் தெரியாதா?"

சற்று நேரம் மௌனமாக இருந்தார். பிறகு சொன்னார்: "சில தீவுகளில் மாற்றி வைப்பார்கள் என்று தெரியும், உஸ்தாது. இந்தத் தீவில் எப்படி என்று கேட்டிருக்கலாம். ராத்திரி அந்த அலுவலகத்தில் மறுபடியும் போய்க் கேட்க வெட்கமாக இருந்தது. விடிந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன்."

நான் அவருக்கு உண்மையையே சொன்னேன். ஆறுதலுக்காகப் பொய் சொல்வது ஆலிமுக்கு அழகல்ல. "கேட்காமல் இருந்தது உம்முடைய குறை. அது ஒரு கேள்வி அளவுள்ள குறை. அந்த அளவுக்கு அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேளும். ஆனால் வாப்பாவின் மவுத்து அன்று அஸருக்குப் பின் என்று எழுதப்பட்டது உம்முடைய கையில் இல்லை. மறுநாள் மழை பெய்ததும் உம்முடைய கையில் இல்லை. ஒரு கேள்வி அளவுள்ள குறையின் மேல் ஒரு மலையளவு துயரத்தைத் தூக்கி வைத்து, மலை முழுவதும் என் குற்றம் என்று சொல்லாதீர். அது நியாயத் தராசு அல்ல."

'இப்படிச் செய்திருந்தால் அப்படி ஆகியிருக்குமே' என்ற பேச்சு ஷைத்தானின் வேலைக்கு வாசலைத் திறக்கும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்த ஹதீஸும் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. அதே ஹதீஸில், பயன் தருவதை நாடி முயலும்படியும், அல்லாஹ்விடம் உதவி தேடும்படியும், தளர்ந்துவிடாமலிருக்கும்படியும் ஏவுகிறார்கள். முயற்சி முன்னே, விதியைப் பொருந்திக்கொள்வது பின்னே. இந்த வரிசையை மாற்றினால் மார்க்கம் சோம்பலாகிவிடும். பின்னதை விட்டுவிட்டால் வாழ்க்கை நரகமாகிவிடும்.

வழியில் சிக்கியவனின் தொழுகை

அந்த இளைஞர் மேலும் ஒன்று சொன்னார். முதல் நாள் மாலே விமான நிலையத்தில் ஒவ்வொரு கவுண்டராக ஓடிக்கொண்டிருந்ததில் லுஹரும் அஸரும் போய்விட்டன, இரவில் தொழுதாராம்.

பயணம் தடைபடுவது விமான காலத்துப் புதுமையல்ல. மாலத்தீவில் காழியாக இருந்த இப்னு பதூதா, 1344இல் அங்கிருந்து நம் மஃபர் கரைக்குப் புறப்பட்டார். மூன்று நாள் வழி. ஒன்பது நாள்கள் கடலில் அலைந்து போய்ச் சேர்ந்த இடமோ இலங்கை! இப்னு உமர் (ரலி) அவர்கள் அஜர்பைஜானில் பனியினால் வழி அடைபட்டு ஆறு மாதங்கள் தங்க நேர்ந்தது; அத்தனை நாளும் கஸ்று செய்தே தொழுதார்கள் என்று அறிவிக்கப்படுகிறது. நம் காலத்தில் 2020 மார்ச்சில் கொரோனாவினால் பன்னாட்டு விமானங்கள் நின்றபோது, மாலத்தீவில் நம்மவர் ஆயிரக்கணக்கில் சிக்கினார்கள். ரமளான் மாதமான மே 10 அன்று ஜலஷ்வா என்னும் கடற்படைக் கப்பல் 698 பேரைக் கொச்சியில் இறக்கியது; ஜூன் 7 அன்று 700 பேரைத் தூத்துக்குடியில் கொண்டுவந்து சேர்த்தது.

இப்படிப்பட்டவர்களுக்குச் சட்டம் என்ன? வேலை செய்யும் ஊரிலேயே தங்கியிருந்தவர் ஊர்வாசி. அவர் முழுமையாகத் தொழ வேண்டும். ஊரைவிட்டுப் புறப்பட்டு நெடும்பயணத்தின் வழியில் சிக்கியவர் பயணி. இன்று கிளம்பலாம், நாளை கிளம்பலாம் என்று காத்திருப்பவர், ஷாஃபிஈ மத்ஹபின்படி பதினெட்டு நாள்கள் வரை கஸ்று செய்யலாம். ஹனஃபி மத்ஹபில் பதினைந்து நாள் தங்கும் நிய்யத்து இல்லாதவரை, காத்திருப்பு எவ்வளவு நீண்டாலும் கஸ்றுதான். ஆனால் நான்கு நாள்களுக்கு விமானமே இல்லை என்று திட்டமாகத் தெரிந்துவிட்டால், ஷாஃபிஈகளுக்கு அந்தச் சலுகை கிடையாது.

லுஹரை அஸரோடு பிற்படுத்திச் சேர்த்துத் தொழும் ஜம்உ ஷாஃபிஈ பயணிக்கு உண்டு. ஆயினும் லுஹருடைய வக்து முடிவதற்குள் 'இதை அஸரோடு சேர்த்துத் தொழுவேன்' என்று மனத்தில் நிய்யத்துச் செய்திருக்க வேண்டும். பலர் இதை அறியாமல், விட்டுப்போனதையெல்லாம் ஜம்உ என்று எண்ணிக்கொள்கிறார்கள். ஹனஃபிகளுக்கு ஹஜ்ஜின் அரஃபா, முஸ்தலிஃபா தவிர வேறிடத்தில் இந்த ஜம்உ இல்லை. அந்த இளைஞருடைய இரண்டு தொழுகையும் களாதான். மறதியினால் போயிருந்தால் பாவமில்லை. நினைவிருந்தும் தள்ளியிருந்தால் தவ்பாவும் வேண்டும். 'இனிமேல் விமானத்திற்காக வரிசையில் நிற்கும்போது முதலில் வக்தைக் கேளும். பிறகு டிக்கெட்டைக் கேளும்' என்று சொன்னேன்.

காத்திருந்தவர்கள், வராதவர்

ஜனாஸாவை விரைவுபடுத்தும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏவியிருக்கிறார்கள். இப்போது ஐஸ் பெட்டி வந்துவிட்டதால், வெளிநாட்டிலிருந்து பிள்ளை வரும் வரை மய்யித்தைக் கிடத்துவது நம் ஊர்களில் வழக்கமாகி வருகிறது. வந்துகொண்டிருப்பவருக்காகச் சில மணி நேரம் காத்திருப்பது வேறு. வருமா வராதா என்று தெரியாத விமானத்தை நம்பி நாள் கணக்கில் கிடத்துவது வேறு. விமானம் ரத்தான பிறகு அடக்கம் செய்த ஜமாஅத்தார் சரியாகவே செய்தார்கள். அதற்குச் சம்மதித்த காக்காவும் வாப்பாவின் உரிமையைத்தான் பேணினார். அவர் மீது இளையவர் கோபிக்க இடமில்லை. இளையவரைக் காக்கா குத்திக்காட்டவும் இடமில்லை. வாப்பா விட்டுச் சென்ற பிள்ளைகள் மூன்று நாள்களுக்கு மேல் பேசாதிருப்பது, அவரை அடக்கம் செய்த பிறகு அவர் மீது அள்ளிப் போடும் இன்னொரு பிடி மண்!

இனி ஈடு. மஸ்ஜிதுன் நபவியைக் கூட்டிப் பெருக்கிவந்த ஒருவர் மவுத்தாகி அடக்கப்பட்ட செய்தி பெருமானார் (ஸல்) அவர்களுக்குப் பின்னர்தான் தெரிந்தது. கப்றைக் காட்டச் சொல்லி, அங்கே சென்று தொழுதார்கள். ஆகவே தொழுகை கடமையாயிருந்த மகன், தவறிய ஜனாஸாத் தொழுகையை வாப்பாவின் கப்றருகே தொழ ஷாஃபிஈ மத்ஹபில் தடையில்லை. வர இயலாமலே போனவர் இருக்கும் ஊரிலிருந்து காயிப் ஜனாஸா தொழலாம். வாப்பாவின் கடனை விசாரித்து அடைக்கலாம். அவருடைய கூட்டுக்காரர்களைத் தேடிச் சென்று ஸலாம் சொல்லலாம். தந்தையின் நண்பர்களை அரவணைப்பது தந்தைக்குச் செய்யும் நன்மைகளில் மேலானது என்பது ஹதீஸ். உம்மாவின் அருகில் அமரலாம். முகத்தைக் காணும் வாய்ப்புத்தான் தவறியது. மகனாயிருக்கும் வாய்ப்புத் தவறவில்லை.

"வாப்பா இரண்டு தடவை கேட்டாரே, உஸ்தாது!" என்றார் அவர்.

"ஆம். அந்த நேரத்தில் நீர் எங்கே இருந்தீர்? அவரை நோக்கி ஓடிக்கொண்டிருந்தீர். செயல்கள் எண்ணத்தைக் கொண்டே என்று ஓதியிருக்கிறோமே. அல்லாஹ்விடம் நீர் புறப்பட்ட நேரம் பதிவாகியிருக்கிறது. அங்கே எந்தத் தீவின் கடிகாரமும் இல்லை."

அன்று மஃரிபுக்குப் பிறகு அவருடைய காக்காவுக்கு ஆள் அனுப்பினேன். அவர் வந்தார். அதிகம் பேசவில்லை. மறுநாள் காலை இருவரும் மையவாடிக்கு வந்தார்கள். தம்பி கப்றருகே நின்று ஜனாஸாத் தொழுகை தொழுதார். காக்கா பக்கத்தில் நின்று துஆச் செய்தார். திரும்பும்போது காக்காவே தம்பியின் செருப்பை எடுத்து முன்னே வைத்தார்.

கடல் கடந்து பிழைக்கும் சகோதரர்களே! புதிய இடத்தில் இறங்கியதும் இரண்டு கேள்விகளைக் கேட்க வெட்கப்படாதீர்கள். 'இங்கே வக்து எப்போது? இங்கே கடிகாரம் எப்படி?' ஊரில் இருப்பவர்களே! வர முடியாமல் போனவரைச் சொல்லால் கொல்லாதீர்கள்.

வல்ல நாயன் நம் பயணங்களைப் பாதுகாப்பானாக! நம்மை எதிர்பார்த்துக் கண் மூடிய பெற்றோரின் கப்றுகளை ஒளிமயமாக்குவானாக! பிழையை உணரவும், இயன்றதை ஈடு செய்யவும், எஞ்சியதை அவனிடம் ஒப்படைக்கவும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.